ஒட்டுத் தெரியாத பொம்மை

ஈரமண்ணில் பதிந்த காலடியை அவர் மிதிக்க மாட்டார். மனிதக் கால், மாட்டுக் குளம்பு, கோழிக் கால், எதுவானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். மழைக்காலத்தில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவர் நடந்து வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் குடித்துவிட்டு வருகிறார் என்றுதான் தோன்றும். பக்கத்தில் போனால் விஷயம் தெரியும். தலையைக் குனிந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்து, இடம் பார்த்து இடம் பார்த்துக் கால் வைத்து வருவார்.

ஒருமுறை அவர் குடிசைக்குப் போனேன். ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, செவ்வாக்கெழமை வூட்டாண்ட வந்துட்டுப் போனியா?" என்றார்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? வாசல்ல உன் காலு கீதே. வலது குதிகாலை மட்டும் அழுத்தி வெக்கிற. இடுப்புல கொயந்தையத் தூக்கித் தூக்கி அப்பிடியே பயகிடுச்சு."

மூன்று பிள்ளைகளையும் நான் வலது இடுப்பில்தான் தூக்கி வளர்த்தேன். கடைசிப் பையன் இடுப்பை விட்டு இறங்கி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சந்தையில் ஆசாரி என்பார்கள். நான் அண்ணே என்பேன். பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூண்டு விற்கிற அம்மாவுக்கும் சாணை பிடிக்கிறவருக்கும் நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். முன்னால் பூரிக்கட்டை, மத்து, முறுக்கு உரல், இடியாப்ப உழக்கு. அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான வேலை அந்தச் சாக்கில் இருக்காது. கேட்டு வருகிறவர்களுக்கு மர அச்சு செதுக்கிக் கொடுப்பதுதான் அது. கல்யாணச் சீருக்குச் சர்க்கரைப் பொம்மை செய்கிறவர்கள் வருவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பல்லாவரத்துக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து பலகாரத்துக்கு நட்சத்திர அச்சு கேட்டு வருவார்கள். மற்ற ஆசாரிகள் மரத்தில் யானையைச் செதுக்குவார்கள் என்றால், இவர் யானை வரப்போகிற இடத்தைச் செதுக்குவார். தும்பிக்கை மேடாக வரவேண்டுமானால் மரத்தில் அது பள்ளமாக இருக்க வேண்டும். கண் குழியாக வரவேண்டுமானால் மரத்தில் கடுகு அளவு ஒரு மேடு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்து, தலைகீழாகக் கையை ஓட்ட வேண்டும். ஒரு பேப்பரில் கோடு போட்டு அவர் செதுக்கி நான் பார்த்ததில்லை.

நான் குடியிருந்தது மேற்குத் தாம்பரம். வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட் கீப்பர். நான் சர்க்கரைப் பொம்மை செய்து கொடுப்பேன். கிளி, யானை, தேர், கோபுரம். சர்க்கரையைப் பாகு காய்ச்சி அச்சில் ஊற்றி எடுக்கிற வேலை. அச்சு இரண்டு பாதியாக இருக்கும். முதல் நாளே இரண்டையும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறாத அச்சில் பாகை ஊற்றினால் சர்க்கரை மரத்தைக் கவ்விக்கொள்ளும். பிரிக்கும்போது கழுத்து வேறு உடம்பு வேறாகத்தான் கையில் வரும். ஊறிய பாதிகளைச் சேர்த்துக் கயிறு கட்டி, அடித்துளை வழியாகப் பாகை ஊற்றி, ஆறினதும் பிரித்தால் வெள்ளை வெளேரென்று பொம்மை நிற்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பாகுப் பதத்தில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் என் முன்னால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தேன். பெருமைதான். இருக்கட்டுமே.

அவரை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு எலி. சர்க்கரை ஊறிய மரம் என்பதால் என் கிளி அச்சில் ஒரு பாதியை எலி கடித்துவிட்டது. மூக்கும் கழுத்தும் போய்விட்டது. மாமியார் காலத்து அச்சு. மிஞ்சின பாதியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவர் அதை வாங்கினார். பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது கைக் கட்டைவிரலைக் குழிக்குள் விட்டு, அலகிலிருந்து வால் வரைக்கும் மெதுவாக ஓட்டினார். பக்கத்தில் பூண்டு பேரம் நடக்கிறது, சாணைச் சக்கரம் கிறீச்சென்று சுற்றுகிறது. அவர் கண் திறக்கவில்லை.

"கடிச்ச பாதியையும் கொண்டாந்து காட்டட்டுமா அண்ணே? அந்தப் பக்கத்து ரெக்கை எப்படி இருக்குதுன்னு தெரிய வேணாமா?"

"எதுக்கு? அதான் இங்க கீதே" என்று கையில் இருந்த நல்ல பாதியைத் தட்டினார்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பாதியைக் கொடுத்தார். பழையதோடு சேர்த்துக் கட்டிப் பாகு ஊற்றினேன். பிரித்தேன். கிளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த அச்சாக இருந்தாலும் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பொம்மையைச் சுற்றி ஒரு நரம்பு மாதிரி கோடு நிற்கும். அதை ஒட்டு என்போம். கத்தியால் சுரண்டுவோம், சுரண்டின தடம் தெரியும். கல்யாண வீடுகளில் பெண்டுகள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். இந்தக் கிளியில் ஒட்டு இல்லை. மாமியார் இருந்திருந்தால் நான் ஏமாற்றுகிறேன் என்று சொல்லியிருப்பாள்.

எப்படிச் செய்கிறார் என்பதைப் பின்னால் அவர் குடிசையில் பார்த்தேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு பாதியின் விளிம்பில் தடவுவார். அடுத்த பாதியை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பார். கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அதை ஒரு மயிரிழை சீவுவார். மறுபடி தடவுவார், அழுத்துவார், சீவுவார். அன்று நான் எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்குமேல் விட்டுவிட்டேன். கடைசியில் விளிம்பு முழுக்க ஒரே கறுப்பாகக் கரி ஒட்டினால்தான் உளியைக் கீழே வைப்பார்.

குழி சரியா என்று பார்க்க ஏரிக் களிமண்ணை உள்ளே அமுக்கி எடுப்பார். எடுத்த மண் பொம்மையைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் போட்டுவிடுவார். மரத்தின் இடுக்கில் மண் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு முக்கியம். குடிசையைச் சுற்றி அப்படிப் போட்ட யானைகளும் கிளிகளும் தேர்களும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். மழை பெய்தால் அத்தனை யானைகளும் கரைந்து ஏரிக்குள் இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அங்கேயே குனிந்துவிட்டேன். ஒரு யானையைக் கையில் எடுத்தேன்.

"அத்த ஏம்மா எடுக்கிற? அது சும்மா."

"இவ்வளவு அழகா இருக்கே அண்ணே."

"களிமண்ணு அது. அச்சைப் பாரு" என்றார்.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கிணற்றடியில் தளம் போட்டபோது என் மூத்த பையன், அப்போது இரண்டு வயது, ஈர சிமெண்டில் ஒரு காலை வைத்துவிட்டான். அந்தத் தடம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. அவர் கால் கழுவப் போனவர் அதைப் பார்த்துக் குந்திவிட்டார். கட்டைவிரலை உள்ளே விட்டு ஓட்டினார்.

"இவன் இப்ப இன்னா படிக்கிறான்?"

"ஏழாவது."

"பெருவிரலை உள்ள மடக்கி நடக்கிறவன் இவன். செருப்பு ஒரு அளவு பெருசா வாங்கிக் குடும்மா."

பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காலைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிப் பழுத்திருந்தது. சொன்னால் திட்டுவேன் என்று மறைத்து வைத்திருந்தான்.

இப்படிப்பட்டவர், ஆனால் ஒருவரிடமும் நீ சொல்வது தப்பு என்று சொல்ல மாட்டார். அது அவர் வாயில் வராது. ஒரு நாள் சந்தையில் ஒருத்தர் பூரிக்கட்டையை உருட்டிப் பார்த்து, "இன்னாய்யா இது, கோணலாக் கீது" என்றார். கட்டை கோணலே இல்லை. அவர் உருட்டின பலகைதான் கோணல். எனக்கே தெரிந்தது. இவர் "சரி" என்று அதை வாங்கிச் சாக்குக்கு அடியில் வைத்தார். ஏதோ தேடுகிற மாதிரித் துழாவி, அதே கட்டையை வெளியே எடுத்துக் கொடுத்தார். வந்தவர் இந்தத் தடவை கையிலேயே வைத்துத் தடவிப் பார்த்து, "ஆங், இது கட்டை" என்று வாங்கிக்கொண்டு போனார். பூண்டுக்காரம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் சிரிக்கவில்லை. அடுத்த கட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். என் முறை வரப்போகிறது என்று எனக்குத் தெரியுமா?

குரோம்பேட்டையில் ஒரு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் வேலை, வீட்டுக்காரர் தவறிப் பத்து வருஷம். ஒரே பெண். கூடுவாஞ்சேரியில் நல்ல இடம் அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தியம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆம்பளை இல்லாத வீடு. சீரெல்லாம் எப்படி வருதுன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது குரல் மாறவில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்தார்.

"நான் முன்னால வந்து நிக்க முடியாது. மணையில உட்கார முடியாது. தட்டைத் தொட்டுக் குடுக்கக்கூட என் தங்கச்சிதான். அந்தச் சீர்த்தட்டுதான் எனக்குப் பதிலா அங்க நிக்கணும். புரியுதாம்மா உங்களுக்கு?"

புரிந்தது. கிளி, யானை, தேர் எல்லாம் சொன்னார். தட்டின் நடுவில் ஒரு ஜோடிப் பொம்மை வேண்டும், மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் என்றார். "ஒண்ணே ஒண்ணு கவனமா இருங்க. பொண்ணு மாப்பிள்ளையோட இடது கைப் பக்கம் இருக்கணும். மாறி இருந்தா அபசகுனம்னு அந்தம்மா அங்கேயே எழுந்திருச்சிடுவாங்க."

வெள்ளிக்கிழமை சாயந்தரம் நிச்சயதார்த்தம். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆசாரி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். இடது பக்கம், இடது பக்கம் என்று மூன்று தடவை சொன்னேன். "சரிம்மா" என்றார்.

இரண்டு வெள்ளிக்கிழமை இருக்கும்போது சந்தையில் அச்சைக் கொடுத்தார். துணியைப் பிரித்தேன். முன்பக்கம் ஒரு பாதி, முதுகுப்பக்கம் ஒரு பாதி. முன்பக்கத்துக் குழியைப் பார்த்தேன். தலைப்பாகை, மாலை, நெற்றிச்சுட்டி எல்லாம் இருக்கிறது. ஆனால் பெண் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் நிற்கிறாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னா அண்ணே இது? பொண்ணு வலது பக்கம் நிக்கிறா?"

அவர் அச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊத்திப் பாத்துட்டுச் சொல்லும்மா."

"ஊத்திப் பாக்க இதுல இன்னா கீது? எனக்குக் கண்ணு இல்லையா? படிச்சுப் படிச்சு மூணு வாட்டி சொன்னேனே. ஒரு பொண்ணோட வாழ்க்கை அண்ணே இது. உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

என் குரல் பெரிய குரல். சந்தை திரும்பிப் பார்த்தது. சாணைக்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, "ஆசாரிக்கு வயசாச்சும்மா. சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு மறந்துட்டாரு" என்றார். "கையில கடியாரம் கட்டிவுடு, ஞாபகம் இருக்கும்" என்றாள் பூண்டுக்காரம்மா. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் அப்போது தலை குனியவில்லை. புருவத்தில் மரத்தூளோடு நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும், "சரி. வேற செஞ்சு கொண்டாந்து தரேன்" என்று அச்சை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டார்.

நிச்சயதார்த்த வாரத்துப் புதன்கிழமை, ஐப்பசி மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்கே வந்து கொடுத்தார். குழியைப் பார்த்தேன். பெண் இடது பக்கம். எவ்வளவு அழகு. பின்பக்கத்தில் பின்னலின் ஒவ்வொரு பிரியும் தனித்தனியாக இருந்தது. மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்துக் கரையில் கோடுகூட இழைத்திருந்தார்.

"பாத்தீங்களா, இப்ப சரி" என்றேன்.

"இன்னிக்கே ஊறப்போட்டு நாளைக்கு ஊத்திப் பாத்துடும்மா."

"இந்த மழையில சர்க்கரை வேர்த்துக் கசியும் அண்ணே. வெள்ளிக்கிழமை காலையில ஊத்தினாதான் சாயந்தரம் வரைக்கும் நிக்கும். என் தொழிலை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

சாக்கை மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். வாசல் ஈரத்தில் என் கோழிகள் நடந்த தடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாகு காய்ச்சி ஊற்றினேன். எட்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தேன். பொம்மை முழுசாக வந்தது. தூக்கிப் பலகையில் நிறுத்தினேன்.

பெண் வலது பக்கம் நின்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அச்சைப் பார்த்தேன், அதில் இடது பக்கம்தான். பொம்மையைப் பார்த்தேன், வலது பக்கம். பலகைக்குப் பின்னால் சுவரில் ரசம் போன கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதற்குள் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த பெண் சரியாக இடது பக்கம் நின்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிளிக்கும் யானைக்கும் தேருக்கும் இடது வலது கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளி கிளிதான். இத்தனை வருஷம் அச்சில் கை வைத்த நான், இடது வலது பார்க்க வேண்டிய பொம்மையை அதுவரை செய்ததே இல்லை. குழியில் இருப்பது வெளியே வரும்போது மாறித்தான் வரும். அவர் முதலில் கொடுத்ததுதான் சரி. ஏரிக் களிமண் ஒரு பிடி வைத்து அமுக்கியிருந்தால் சந்தையிலேயே தெரிந்திருக்கும். நான்தான் கத்திவிட்டேனே.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஜோடியை விட்டுடு. யானையும் தேரும் வெச்சு ஒப்பேத்து" என்றார். எதை ஒப்பேற்றுவது? தட்டின் நடுவில் ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டையைப் பார்த்துச் சம்பந்தியம்மா சொல்லப்போவதை டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார். முதல் அச்சு இன்னும் அவரிடம் இருந்தாலும் அது காய்ந்த அச்சு. ஒரு ராத்திரி ஊறாமல் ஒன்றும் செய்ய முடியாது. இதெல்லாம் தெரிந்தும் ஏன் ரயில் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. அழப் போனேனோ, திட்டு வாங்கப் போனேனோ. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று மூன்று ஸ்டேஷன் போவதற்குள் முப்பது ஸ்டேஷன் போன மாதிரி இருந்தது.

சந்தையில் தூறல். அவர் தலைக்குமேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. முன்னால் வழக்கம்போலப் பூரிக்கட்டைகள். பக்கத்தில் புதிதாக ஒரு இரும்பு வாளி, ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தது. தூரத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். யார் வந்தாலும் எழுந்திருக்காதவர். நான் வாயைத் திறக்குமுன் சாக்கை விலக்கி, வாளிக்குள் கையை விட்டார். ஜோடிப் பொம்மை அச்சு, இரண்டு பாதியும், தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

"நேத்து சாயங்காலமே போட்டேன். நல்லா ஊறிக்கீது. காயறதுக்குள்ள போ" என்று ஈரச் சாக்கிலேயே சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இத வாளியோடவா தூக்கிக்கினு வந்தீங்க?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அத்தக் கேளு" என்றாள் பூண்டுக்காரம்மா. "பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டானாம். தாம்பரம் வரைக்கும் நடந்து, அங்கேந்து ரயிலு. டிக்கெட் பாக்கிறவன் கேட்டானாம், இன்னாய்யா உசுரு மீனான்னு."

"நான் வருவேன்னு எப்படி அண்ணே தெரியும்?"

"நேத்து வரல. அப்ப இன்னிக்குத்தான."

தாம்பரத்தில் என் வீட்டைத் தாண்டித்தான் அவர் ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் பாகு கிளறிக்கொண்டிருந்திருப்பேன், இன்னும் ஒன்றும் தெரியாதவளாக. தெரியாதவளிடம் வந்து, நீ தப்பு செய்துவிட்டாய், இந்தா என்று நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. தெரிந்துகொண்டு நானாக வருகிற வரைக்கும் மரத்தை ஈரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, நீ தப்பாப் பாக்கிறன்னு."

"அத்தினி பேர் நின்னாங்களேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். சர்க்கரை ரேஷனில் வந்த காலம். டீச்சர் அக்கம்பக்கத்துக் கார்டெல்லாம் சேர்த்துக் கொடுத்த சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. பலகையில் நிற்கிற ஜோடியைக் கரைத்துத்தான் புது ஜோடி ஊற்ற வேண்டும். உலக்கையைக் கையில் எடுத்தேன். மாலையும் கழுத்துமாக நிற்பவர்களை எப்படி உடைப்பது? வாணலியில் தண்ணீர் வைத்து, இரண்டு கையாலும் தூக்கி மெதுவாக உள்ளே இறக்கினேன். முதலில் மாலை போயிற்று. பிறகு முகம். ஏரிக்கரையில் யானைகள் கரைவது ஞாபகம் வந்தது. அதே பாகைத்தான் ஈர அச்சில் ஊற்றினேன்.

பிரித்தபோது பெண் இடது பக்கம் நின்றாள். ஒட்டு இல்லை.

பிஸ்கட் டின்னில் பொரியைக் கொட்டி, அதற்குள் பொம்மைகளைப் புதைத்து எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை போனேன். சாயந்தரம் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். சம்பந்தியம்மா மற்ற எதையும் தொடவில்லை. நேராக ஜோடிப் பொம்மையை எடுத்தாள். இடது வலது பார்த்தாள். திருப்பி முதுகைப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தால் பொம்மையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே கீறிப் பார்த்தாள். மறுபக்கமும் கீறினாள். கூட வந்த பெண்மணியிடம் நீட்டி, "ஒட்டு எங்கடி இருக்கு? நீ பாரு" என்றாள். அவளும் தடவினாள். அவளுக்கும் கிடைக்கவில்லை. சம்பந்தியம்மா பொம்மையை மறுபடி வாங்கித் தட்டின் நடுவில் தானே வைத்து, தானே நேராக்கினாள். உள் அறைக் கதவு ஓரத்தில் மூக்குக் கண்ணாடி மட்டும் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

அந்தத் தப்பான அச்சு இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. சரியான அச்சு எத்தனையோ கல்யாணம் பார்த்துத் தேய்ந்து, மாப்பிள்ளைக்கு மீசை மழுங்கிவிட்டது. தப்பானதில் அன்று ஒரு தடவை ஊற்றினதோடு சரி. பின்னலின் ஒரு பிரிகூடக் கலையவில்லை. உதவாது என்று தெரிந்தேதான் அதைச் செதுக்கினார். நாற்பது தடவைக்குமேல் கரி தடவி, அழுத்தி, சீவித்தான் கொடுத்திருக்கிறார். என்னால் அப்படி முடியாது. வீணாகப் போகப்போகிற பாகுக்கு நான் பதம் பார்க்க மாட்டேன். அவரைப் பற்றி நினைத்தால் நான் நின்றுபோகிற இடம் இதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன். தூறல் விட்டிருந்தது, தரை சொதசொதவென்று இருந்தது. அவர் முன்னால் போய் நின்றேன். எந்தக் குரலில் திட்டினேனோ அதே குரலில் சொன்னேன்.

"அன்னிக்கு இந்த இடத்துல நின்னு அண்ணன் தப்பா செதுக்கிட்டாருன்னு கத்தினேன். அவரு சரியாத்தான் செதுக்கினாரு. தப்பாப் பாத்தது நான். எனக்குத்தான் கண்ணு இல்ல. அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாம் கேட்டுக்குங்க."

சாணைச் சக்கரம் நின்றது. பூண்டுக்காரம்மா தராசைக் கீழே வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான் திட்டின அன்று நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தவர், இப்போது தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்குகிற ஆள் மாதிரி குனிந்துகொண்டார். நானும் நகராமல் நின்றேன்.

என் காலடியில் ஈரமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "இன்னிக்குத்தாம்மா ரெண்டு குதிகாலையும் ஒண்ணா ஊனி நிக்கிற."